மாரிக்கு முன்னே ஒரு நாள்: ஒழுகும் யன்னலைத் தற்காலிகமாக அடைப்பது எப்படி?



இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு மழையின் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். சொந்த வீட்டில் இருந்த காலத்தில் முதல் மாரி மழை பெய்தால் வயல் நினைவு வரும். "இந்த முறை நேரத்துக்கு விதைத்து விடலாம்" என்று மனம் குளிரும். தற்காலிகக் கொட்டிலில் இருப்பவருக்கோ முதல் துளி தகரத்தில் விழுந்ததும் கண் யன்னலைத் தேடும். பாயை எந்தப் பக்கம் இழுப்பது, நெல் மூடையை எங்கே தூக்கி வைப்பது, காணிப் பெர்மிட் இருக்கும் பை எங்கே என்ற யோசனைதான் முதலில் வரும்.

கூரை ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும். யன்னல் ஒழுகுவதை நாம் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் கரையோரத்தில் காற்றோடு சாய்வாகப் பெய்யும் மழை யன்னலாலும் உள்ளே வருகிறது. இதை நன்றாகத் தெரிந்தவர்கள் நமது பக்கத்து வீட்டுக் கடற்றொழிலாளர்கள். அவர்களுடைய படகின் சிறு அறைக்கும் யன்னல் உண்டு. அங்கே மழை மட்டுமல்ல, அலையும் அடிக்கும். ஆகவே இந்தப் பாடத்தில் படகுக்காரரிடம் படித்து, அதை நமது வீட்டுக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள்:

1. தண்ணீர் உண்மையில் எந்த இடத்தால் வருகிறது என்று கண்டுபிடிப்பீர்கள்.
2. கையில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு ஒரு மாரிக்குத் தாங்கும்படி யன்னலை அடைப்பீர்கள்.
3. எதைச் செய்யக்கூடாது, ஏன் செய்யக்கூடாது என்று அறிவீர்கள்.

1. நமது கரையும் நமது மழையும்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, காரைதீவு, நிந்தவூர் என்று வரிசையாகக் கரையோரக் குடும்பங்கள் வீடிழந்தன. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. இதற்கிடையில் கட்டுவதற்குக் காணி தேடி அலைந்த குடும்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மாரிகளைக் கூடாரத்திலும் பலகைக் கொட்டிலிலும் கழித்தன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் போன்ற குடியிருப்புகள் அதற்குப் பிறகு எழுந்தவை.

அதற்கு முன்னரும் இடப்பெயர்வு இருந்தது. 1990இன் வன்செயல்களின்போது வயலையும் வாடியையும் விட்டு உறவினர் வீட்டு முற்றத்தில் கொட்டில் போட்டவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தாலும் கடலரிப்பாலும் இன்றும் இடம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் எதுவானாலும் கொட்டிலின் யன்னல் ஒன்றுதான்: அவசரத்தில் அடித்த பலகை, பொருந்தாத நிலை, இடைவெளி.

நமது பகுதியில் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான். அந்தக் காலத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து அடிக்கும். ஆகவே வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னல்களை முதலில் கவனியுங்கள். மேற்கும் தெற்கும் பார்த்த யன்னல்கள் காற்றுக்காகத் திறந்திருக்கட்டும்.

2. ஓர் உரையாடல்

கீழே வரும் உரையாடல் பாடத்துக்காக அமைக்கப்பட்டது. ஆனால் இதைப் போன்ற கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். கொட்டிலில் இருக்கும் ஒரு விவசாயக் குடும்பத்துத் தாயும், ஆழ்கடல் படகில் தொழில் செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பியும் பேசுகிறார்கள்.

ராத்தா: தம்பி, நேத்து ராவு மழையில யன்னலால தண்ணி வந்து நெல்லு மூடை நனைஞ்சி போயிட்டு. மறுவிதைப்புக்கெண்டு வெச்ச ரெண்டு புசல் நெல்லு.

தம்பி: எந்த இடத்தால வந்த ராத்தா?

ராத்தா: யன்னலுக்குக் கீழால. உங்கட மச்சான் பழந்துணியெல்லாம் உள்ளுக்கால வெச்சி அடைச்சாரு. விடியப் பாத்தா துணி ஊறிச் சொட்டுது.

தம்பி: உள்ளுக்கால அடைச்சா நிக்காது ராத்தா. எங்கட படகு அறையிலயும் மொதல்ல அப்படித்தான் செஞ்சம். தண்ணி துணிக்குப் பின்னால நிண்டு பலகையத்தான் உக்க வைக்கும். வெளியால வெச்சே மறிக்கணும்.

ராத்தா: வெளியால எங்க மறிக்கிற? கீழ ஒரு வெடிப்பும் இல்லயே.

தம்பி: தண்ணி சொட்டுற இடம் வேற, வாற இடம் வேற. மேலால பூந்து கட்டையோட வழிஞ்சி கீழ வந்து சொட்டும். வாளியில தண்ணி எடுத்துக்கிட்டு வாங்க, தேடிப் பாப்பம்.

இந்தப் பேச்சில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீரை வெளிப்பக்கத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு, சொட்டும் இடமும் புகும் இடமும் ஒன்றல்ல. மூன்று, அடைப்பதற்கு முன் தேட வேண்டும்.

நட்டத்தின் அளவையும் பாருங்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஓர் ஏக்கருக்குச் சுமார் இரண்டு புசல் விதை வேண்டும். முதல் விதைப்பு வெள்ளத்தில் போனால் அந்த ஏக்கரை மீட்பதற்கு இருந்தது அந்த இரண்டு புசல்தான். நனைந்த நெல் இரண்டு மூன்று நாளில் மூடைக்குள்ளேயே முளைக்கத் தொடங்கும். ஒரு விரல் அகல இடைவெளி ஓர் ஏக்கரைக் கொண்டுபோகக்கூடும்.

3. தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது?

(அ) வழிந்து வருகிறது. யன்னலின் கீழ்க்கட்டை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதில் விழும் மழை உள்ளேதான் ஓடும்.

(ஆ) தள்ளப்பட்டு வருகிறது. காற்று சுவரில் மோதும்போது, இடைவெளியில் நிற்கும் தண்ணீரையும் உள்ளே தள்ளும். காற்றில்லாத மழைக்கு ஒழுகாத யன்னல் காற்று மழைக்கு ஒழுகுவது இதனால்தான்.

(இ) உறிஞ்சப்பட்டு வருகிறது. இரண்டு பலகைகள் நெருங்கி இருக்கும் மெல்லிய இடைவெளியில் தண்ணீர் தானாகவே ஊர்ந்து செல்லும், மேல் நோக்கியும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதமாகத்தான்.

படகில் இன்னொரு காரணமும் உண்டு. படகு அறை யன்னல்களில் பலவற்றுக்குக் கண்ணாடியல்ல, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்ரிக் தகடுதான் போடப்படுகிறது. அது வெயிலில் கண்ணாடியைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு விரியும். ஒரு மீற்றர் நீளத் தகடு 20 பாகை வெப்பம் கூடும்போது 1.4 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். அதே நீளக் கண்ணாடி 0.2 மில்லிமீற்றர்கூட நீளாது. பகலில் விரிந்து இரவில் சுருங்கி, ஓரத்தில் பூசிய பசையை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து விடுகிறது. உலகத்தைச் சுற்றிவரும் பாய்மரப் படகுகளின் சொந்தக்காரர்களும் இதே தொல்லையைத்தான் பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நமது பலகை யன்னலில் விரிவது மரம். மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். ஆகவே அடைக்கும் பொருள் மரத்தோடு சேர்ந்து அசையக்கூடியதாக இருக்க வேண்டும்.

4. ஒழுக்கா, வியர்வையா?

விடியற்காலையில் யன்னலில் நிற்கும் தண்ணீர் எல்லாம் மழைத்தண்ணீர் அல்ல. ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர் படுத்து, உள்ளேயே சமைத்தால் மூச்சும் ஆவியும் குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் நீராகப் படியும். அதை எவ்வளவு அடைத்தாலும் நிற்காது, கூடத்தான் செய்யும்.

சோதிக்கும் முறை இது. ஓர் அடி அளவு தெளிந்த பொலித்தீன் துண்டை உள்பக்கத்தில் ஈரம் காணும் இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் காலை பாருங்கள். நீர் பொலித்தீனின் மேல், அறைப் பக்கத்தில் இருந்தால் அது வியர்வை. காற்றோட்டம்தான் மருந்து. பொலித்தீனுக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது.

5. புகும் இடத்தைத் தேடுதல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே வாளியும் கோப்பையுமாக, மற்றவர் உள்ளே ஒரு பழைய பத்திரிகைத் தாளோடு. மழையில்லாத நாளில் செய்யுங்கள்.

1. உள்பக்கத்தைத் துடைத்து உலர விடுங்கள். சந்தேகமான இடங்களில் சோக்குத் தூளைப் பூசுங்கள். தண்ணீர் ஓடினால் தூளில் கோடு விழும்.
2. வெளியே இருப்பவர் முதலில் யன்னலின் கீழ் ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.
3. ஒன்றும் வரவில்லையென்றால் இரு பக்க ஓரங்களிலும் ஊற்றுங்கள். மீண்டும் பொறுங்கள்.
4. கடைசியாக மேல் ஓரம், அதன் பின் யன்னலுக்கு மேலே உள்ள சுவர்.
5. தண்ணீர் வந்ததும் உள்ளே இருப்பவர் குரல் கொடுக்க, வெளியே இருப்பவர் அந்த இடத்தில் கரியால் அடையாளம் போட வேண்டும்.

ஏன் கீழிருந்து மேலே போக வேண்டும்? மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா ஓரத்தாலும் வழியும், எதனால் புகுந்தது என்று தெரியாமல் போகும். இந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் தவறான இடத்தை அடைத்துவிட்டு அடுத்த மழையில் மீண்டும் நனைந்திருக்கிறார்கள்.

6. தேவையான பொருட்கள்

தடித்த தெளிந்த பொலித்தீன், ஒரு அங்குல அகலச் சலாகைகள், சிறிய ஆணிகள், பழைய சைக்கிள் டியூப், அகலமான நல்ல டேப் ஒரு சுருள், பருத்தித் துணிக் கீலங்கள், ஒரு முழம் தகரம் அல்லது வெட்டிய பிளாஸ்ரிக் கான், சணல் கயிறு. பொலித்தீன் கிடைக்காவிட்டால் உரப்பையின் உள்ளுறையை நன்றாகக் கழுவிப் பிரித்துப் பாவிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நால்வர் சேர்ந்து ஒரே சுருள் பொலித்தீன் வாங்கினால் செலவு குறையும்.

7. செய்முறை

அ. பலகை யன்னல்

*கழுவுதல்.* கரையோரத்தில் எல்லாவற்றிலும் உப்புப் படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். அதன் மேல் ஒட்டிய டேப் நிற்காது. நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, ஒரு நாள் வெயில் பட விடுங்கள்.

*சிறு வெடிப்பு.* பருத்தித் துணிக் கீலத்தைத் தேங்காயெண்ணெயில் தோய்த்து, பிழிந்து, மழுங்கிய கத்தியின் முதுகால் வெளிப்பக்கத்திலிருந்து வெடிப்புக்குள் அமர்த்துங்கள். மரத் தோணிகளின் பலகைப் பொருத்துகளைக் கலப்பற்று அடிக்கும் வேலையும் இந்த வகைதான். இறுக்கி அடிக்க வேண்டாம். மழைக்கு மரம் ஊதும்போது பலகை பிளந்துவிடும்.

*கதவு மூடும் இடம்.* சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலக் கீலமாக வெட்டி, யன்னல் கதவு வந்து பொருந்தும் நிலையின் விளிம்பில் மூன்று அங்குலத்துக்கு ஓர் ஆணியாக அடியுங்கள். கதவைச் சாத்தி, உள்ளே ஒரு மர ஆப்பு வைத்து இறுக்குங்கள். றப்பர் நசுங்கி இடைவெளியை மூடும்.

*பொலித்தீன் திரை.* யன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி கூடுதலாக வெட்டி, இரண்டாக மடித்த திரையை எடுங்கள். மேல் விளிம்பைச் சலாகையில் இரண்டு சுற்றுச் சுற்றி, யன்னலுக்கு மேலுள்ள சுவர்ப் பலகையின் அடியில் செருகி ஆணியடியுங்கள். சுற்றாமல் வெறும் பொலித்தீனில் ஆணியடித்தால் முதல் காற்றிலேயே ஓட்டை கிழிந்து விடும். இரு பக்கங்களையும் சலாகை வைத்து ஆறு அங்குலத்துக்கு ஓர் ஆணியாக அடியுங்கள். அடி விளிம்பை மட்டும் ஆணியடிக்க வேண்டாம். அதிலும் ஒரு சலாகையைச் சுற்றி, கீழ்க்கட்டைக்கு அரை அடி கீழே தொங்கவிட்டு இரு முனையையும் கயிற்றால் கட்டுங்கள். உள்ளே புகுந்த கொஞ்சத் தண்ணீரும் அந்த வழியால் வெளியே போய்விடும்.

*புருவம்.* யன்னலுக்கு மேலே அரை அடி அகலத் தகரத்தை வெளிப்பக்கம் சரிவாக வைத்து அடித்தால் பாதி மழை யன்னலை அண்டாது. தகரத்தின் விளிம்பைச் சுருட்டி விடுங்கள், பிள்ளைகளின் கையும் தலையும் கவனம்.

*சொட்டுக் கயிறு.* கீழ்க்கட்டையின் அடிப்புறத்தில், வெளி விளிம்புக்கு அருகே ஒரு சணல் கயிற்றையோ மெல்லிய சலாகையையோ நீளவாக்கில் அடியுங்கள். கட்டையின் அடியால் சுவரை நோக்கி ஊர்ந்து வரும் தண்ணீர் அங்கே தடைப்பட்டு நிலத்தில் சொட்டும். சிறிய வேலை, பெரிய பலன்.

ஆ. கண்ணாடி யன்னல்

பாதி கட்டிய கல்வீட்டில் இருப்பவர்களுக்கு இது. கண்ணாடி ஓரத்தால் ஒழுகினால் டேப் போதும். ஆனால் ஒட்டும் ஒழுங்கு முக்கியம். கிடுகு வேய்பவர் எங்கே தொடங்குகிறார்? தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போகிறார். மேல் கிடுகு கீழ்க் கிடுகை மூடுவதால் தண்ணீர் உள்ளே நுழைய வழியில்லை. டேப்பும் அப்படித்தான். முதலில் கீழ் ஓரம், பிறகு இரு பக்கம், கடைசியாக மேல் ஓரம். மேலுள்ளது கீழுள்ளதன் முனையை மூட வேண்டும். ஒட்டியதும் கரண்டிப் பிடியால் ஓரமெல்லாம் தேய்த்து அமர்த்துங்கள்.

அலுமினியச் சட்டத்தில் இழுத்துத் திறக்கும் யன்னலாயின் அதன் அடிச் சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். அவை தண்ணீர் வடிவதற்காக வைக்கப்பட்டவை. அவற்றை அடைக்காதீர்கள். மண்ணோ குப்பையோ அடைத்திருந்தால் ஓர் ஈர்க்கால் குத்தி எடுங்கள். பல வேளைகளில் ஒழுக்கு அதோடு நின்றுவிடும்.

இ. படகு அறை யன்னல்

நமது குடும்பங்களில் சிலர் வயலுக்குப் போக முடியாத காலத்தில் கடலுக்குப் போகிறார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதி.

1. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி உலர விடுங்கள். பிளாஸ்ரிக் தகடாயின் சவர்க்காரத் தண்ணீர் மட்டும் போதும். தின்னர், பெற்றோல் போன்றவற்றைத் தொடவே கூடாது. தகட்டில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, பார்வை மங்கி, பின்னர் உடையும்.
2. திருகாணித் துளையால் ஒழுகுகிறதென்று ஆணியை மேலும் மேலும் இறுக்காதீர்கள். தகடு அந்த இடத்திலிருந்து வெடிக்கும்.
3. கீழிருந்து மேலாக டேப் ஒட்டுங்கள். திருகாணிகளின் தலையையும் சேர்த்து மூடுங்கள்.
4. சுக்கான் பிடிப்பவர் பார்க்கும் முன் யன்னலில் தெளிந்த டேப்பை ஓரத்தில் மட்டும் ஒட்டலாம். பார்வையை மறைக்கும் எதையும் போடக்கூடாது. ஒழுக்கைவிட மோதல் பெரிய ஆபத்து.
5. தகடு வெடித்திருந்தால், ஓரத்தில் சைக்கிள் டியூப் வைத்த ஒரு பலகையை வெளிப்பக்கத்தில் பொருத்திக் கட்டுங்கள். கரைக்கு வரும்வரை தாங்கும்.
6. நடுக்கடலில், மழைக்குள், எதுவும் ஒட்டாத நேரத்தில் துணிக் கீலத்தில் கிறீஸ் தடவி இடைவெளியில் அமர்த்துங்கள். கிறீஸ் தண்ணீரைத் தள்ளும். கரைக்கு வந்ததும் அதை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். கிறீஸ் பட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது.

8. நிறுத்த முடியாவிட்டால் வழி காட்டுங்கள்

சில நாட்களில் நள்ளிரவில் மழை பிடித்துக்கொள்ளும், வெளியே போக முடியாது. அப்போது தண்ணீரோடு போராடாமல் அதற்கு வழி காட்டுங்கள். சொட்டும் இடத்தில் ஒரு பருத்தி நூலைக் கட்டி அதன் மறுமுனையை வாளிக்குள் விடுங்கள். தண்ணீர் நூலோடு இறங்கி வாளிக்குள் போகும், சத்தமும் இருக்காது, பிள்ளைகள் உறங்குவார்கள். யன்னல் முழுவதும் ஒழுகினால் பொலித்தீன் துண்டை வாய்க்கால்போல மடித்து, கீழ்க்கட்டையின் அடியில் ஒரு பக்கம் சரிவாகக் கட்டி வாளிக்கு விடுங்கள்.

9. செய்யக்கூடாதவை

* எல்லா யன்னலையும் அடைக்க வேண்டாம். காற்றடிக்காத பக்கத்தில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். மூடிய அறைக்குள் அடுப்பு, கரிச்சட்டி எரித்தால் மணமில்லாத நச்சுக்காற்று சேர்ந்து உறக்கத்திலேயே உயிர் போகும். படகு அறையில் எஞ்சின் புகைக்கும் இது பொருந்தும்.
* வெளியேறும் வழியாக இருக்கும் யன்னலை ஆணியடித்து மூட வேண்டாம். தீயும் வெள்ளமும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
* மரத்தின் வெடிப்பில் சீமெந்து பூச வேண்டாம். மரம் அசையும், சீமெந்து அசையாது, இரண்டுக்கும் நடுவில் புதிய வெடிப்பு விழும்.
* தார் பூச வேண்டாம். வெயிலில் இளகி வழியும், துணியிலும் பாயிலும் ஒட்டும், பின்னர் நல்ல பூச்சு எதையும் பிடிக்க விடாது.
* ஈரத்தின் மேல் சிலிக்கன் போட வேண்டாம். அது உலர்ந்த இடத்தில்தான் பிடிக்கும். தடித்துப் போட்டால் முழுவதும் இறுக ஒரு நாளுக்கு மேல் செல்லும். ஒருமுறை சிலிக்கன் பட்ட இடத்தில் அதைச் சுரண்டி எடுக்காமல் வேறு பூச்சு ஒட்டாது. நிரந்தர வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
* சூறாவளி எச்சரிக்கை வந்தபின் பொலித்தீனை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளி கல்வீட்டுக் கூரைகளையே தூக்கியது. பத்திரங்களை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு உறுதியான கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

10. நெல்லும் பத்திரமும்

எவ்வளவு நன்றாக அடைத்தாலும் "ஒழுகாது" என்று நம்பிப் பொருட்களை யன்னலடியில் வைக்காதீர்கள். நெல் மூடையை நிலத்தில் வைக்காமல் பலகையின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். விதை நெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. யூரியாப் பையை நெல்லோடு சேர்த்து வைக்க வேண்டாம், அது காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக் கட்டியாகும்.

மூடை நனைந்துவிட்டால் அப்படியே கட்டி வைக்காமல் உடனே அவிழ்த்து, நனைந்ததையும் நனையாததையும் பிரித்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காற்றாட உலர்த்துங்கள். அதன்பின் 100 நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு கிழமையில் எத்தனை முளைத்தன என்று பாருங்கள். 85க்குக் குறைந்தால் அதை விதைக்கு நம்ப வேண்டாம், குற்றிச் சமையுங்கள்.

காணிப் பெர்மிட், பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இரண்டு பொலித்தீன் பையில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, வாயை மடித்துக் கட்டி, கூரைக்கும் நிலத்துக்கும் நடுவில், யன்னலுக்கு எதிர்ச் சுவரில் தொங்க விடுங்கள். ஓட வேண்டிய நேரத்தில் ஒரே கையால் எடுக்கக்கூடிய இடமாக இருக்கட்டும்.

11. மழை முடிந்ததும்

தற்காலிகம் என்பது தற்காலிகமாகவே இருக்க வேண்டும். மாசி வெயில் தொடங்கியதும் டேப்பை மெதுவாக உரித்தெடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் பட்டி போய்ப் பசை மட்டும் நிற்கும். மிஞ்சும் பசையைத் தேங்காயெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைக்கலாம். பொலித்தீன் திரையைக் கழற்றிச் சுருட்டி நிழலில் வைத்தால் அடுத்த மாரிக்கும் உதவும். யன்னல் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு உக்கிய பகுதியை வெட்டி மாற்றுவது, கீழ்க்கட்டையை வெளிச் சரிவாக்குவது, பூச்சடிப்பது போன்ற நிரந்தர வேலைகளைச் செய்யுங்கள். கரியால் போட்ட அடையாளங்களை அதுவரை அழிக்க வேண்டாம்.

நமது உரையாடலில் வந்த ராத்தாவின் வீட்டில் தண்ணீர் புகுந்தது யன்னலின் மேற்கட்டைக்கு மேலே, இரண்டு சுவர்ப் பலகைகள் சேரும் இடத்தால். கீழே எத்தனை துணி வைத்தாலும் அது நின்றிருக்காது. அரை அடித் தகரமும் ஒரு துணிக் கீலமும் அதை நிறுத்தின. இரண்டு புசலில் ஒரு புசல் முளைவிட்டுப் போனது. மற்றதைப் பரப்பி உலர்த்தி, எண்ணிப் பார்த்து, விதைக்கு எடுத்தார்கள். அடுத்த நாள் அவர்கள் வாளியும் சோக்குத் தூளுமாகப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போனார்கள். அங்கே யன்னலுக்குக் கீழே ஒரு தொட்டில் இருந்தது.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் வரிசையில் வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னல்கள் எத்தனை? அவற்றுக்கு அடியில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது?
2. தனியாக வாழும் முதியவர், கைம்பெண், நோயாளி எவருடைய வீட்டை முதலில் பார்க்க வேண்டும்? அதற்கு எந்த நாளை ஒதுக்குவீர்கள்?
3. கடற்றொழிலாளரிடமிருந்து விவசாயிகளும், விவசாயிகளிடமிருந்து கடற்றொழிலாளரும் படித்துக்கொள்ளக்கூடிய வேறு மூன்று வேலைகளைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: அடுத்த கூட்டத்துக்கு முன்னர், மழையில்லாத ஒரு நாளில் உங்கள் வீட்டின் ஒரு யன்னலையாவது வாளித் தண்ணீரால் சோதித்து, தண்ணீர் சொட்டிய இடத்தையும் புகுந்த இடத்தையும் ஒரு தாளில் வரைந்து வாருங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்தும் எழுதுங்கள்.